பனிமலையும் அதன் வானிலையும்

நம் இராஜகிரியின் உச்சிவரை ஒரு முறையேனும் ஏறாத மாணவி நம் பள்ளியில் இருக்கமாட்டாள். சித்திரை வெயிலில் ஏறியவர்களுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கும். மலைமேல் போனால் குளிரும் என்று பாடப்புத்தகம் சொல்கிறதே, இங்கே பாறை காலைச் சுடுகிறதே! புத்தகம் பொய் சொல்லவில்லை. உயரே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. இராஜகிரியின் உயரமோ ஏறக்குறைய 800 அடி, அதாவது 240 மீட்டர்தான். ஆகவே நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி ஒன்றரை டிகிரி. வெயிலில் காய்ந்த கருங்கல் அதை நொடியில் விழுங்கிவிடுகிறது.

உயரே போகும்போது சூரியனை நெருங்குகிறோமே, பின் ஏன் குளிர்கிறது? சூரியன் முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து விரலை நீட்டிப் பாருங்கள், சீறிவரும் காற்று சில்லென்று இருக்கும்.

இதே கணக்கைக் காஷ்மீரத்தில் போட்டுப் பார்ப்போம். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற குல்மார்க் 2650 மீட்டர். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் கொண்டோலா என்ற வண்டி, அபர்வத் மலைச்சரிவில் சுமார் 4000 மீட்டர் வரை ஏறுகிறது. குளிர்காலத்தில் ஒரு நாள் ஸ்ரீநகரில் 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால், குல்மார்க்கில் பூச்சியத்துக்குக் கீழே 2 டிகிரி. கொண்டோலாவின் மேல் நிலையத்தில் பூச்சியத்துக்குக் கீழே 10 அல்லது 11. ஒரே மேகந்தான். ஆனால் ஸ்ரீநகரில் குடை பிடிக்கிறார்கள், குல்மார்க்கில் மண்வெட்டியால் வாசலைத் திறக்கிறார்கள்.

தமிழில் நாம் 'பனி' என்ற ஒரே சொல்லைப் பலவற்றுக்கும் வழங்குகிறோம். மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் இறங்குவதும் பனி. கோட்டையை மறைத்து நிற்பது மூடுபனி. உதகையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது உறைபனி. இமயத்தில் பஞ்சாக விழுவதும் பனியே. உதகையில் 'ஸ்நோ' விழுந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அங்கே எதுவும் விழுவதில்லை. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, குளிர்ந்த கனத்த காற்று பள்ளத்தில் தேங்குகிறது. அதிலுள்ள ஈரம் புல்லின் மேலேயே பனிக்கட்டியாகப் படிகிறது. அதனால்தான் குன்றின் மேலிருக்கும் தோட்டம் தப்பித்துக்கொள்ள, தலைக்குந்தாவும் காந்தலும் வெளுத்துவிடுகின்றன. உதகை 2240 மீட்டர் உயரமிருந்தும் வெண்பனி பெய்யாததற்குக் காரணம் இதுவே: நம் வெப்ப மண்டலத்தில் வானம் உறைநிலையை அடைய ஏறத்தாழ 5000 மீட்டர் ஏறவேண்டும். உதகையில் மேகம் சூழ்ந்தால் அதுவே போர்வையாகி இரவைக் கதகதப்பாக்கிவிடும். பெய்வது மழைதான்.

வெண்பனி மேகத்திற்குள்ளேயே பிறப்பது. நீராவி, நீராகாமலே, நேரே ஆறுமுனைப் படிகமாக உறைகிறது. அதன் வடிவம் மேகத்தின் வெப்பநிலையையும் ஈரத்தையும் பொறுத்து மாறுகிறது. ஜப்பானிய அறிஞர் உக்கிச்சிரோ நாக்காயா, 1936-இல் ஒரு முயல் மயிரின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்து இதை ஆராய்ந்தார். நூல், பஞ்சு என்று எதையெல்லாமோ முயன்ற பிறகுதான் முயல் மயிர் கைகொடுத்ததாம். ஆய்வுக்கூடத்தில் பொறுமையிழக்கும் நம் மாணவியர்க்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அப்படிக் காஷ்மீரத்துக்கு 'மேற்கத்திய இடையூறுகள்'. மத்திய தரைக்கடல் பக்கமிருந்து ஈரக்காற்றுடன் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவரும் தாழ்வழுத்தங்கள் இவை. பீர் பஞ்சால் மலைத்தொடரில் அந்தக் காற்று முட்டி மேலேறிக் குளிர்ந்து, குல்மார்க்கில் பனியாகக் கொட்டுகிறது. நாம் அக்கினி நட்சத்திரத்துக்கு நாள் குறித்திருப்பது போல அவர்கள் கடுங்குளிருக்கு நாள் குறித்திருக்கிறார்கள். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் 'சில்லை கலான்'. அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்'. கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா', அதாவது குழந்தைக் குளிர். முதல் நாற்பது நாளில் விழும் பனி இறுகி நெடுநாள் நிற்கும். பிந்தி விழுவது விரைவில் உருகி ஓடிவிடும். 2024 சனவரியில் அந்த நாற்பது நாளும் பெரும்பகுதி வறண்டே கழிந்தன. குல்மார்க்கின் சரிவுகள் புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. மாத முடிவில்தான் பனி வந்தது. 2025-இலும் பனி போதாமல் தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைப் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

பனி குறைந்த ஆண்டில் ஆபத்தும் குறையும் என்று நினைப்போம். அப்படியன்று. தரையில் விழுந்த பனி சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் முந்தியதன்மேல் ஒரு பாய்போல விரிகிறது. ஒவ்வொரு பாயும் ஒவ்வொரு தன்மை. படலம் மெல்லியதாக இருந்து வானமும் தெளிவாக இருந்தால், அடியில் தரையையொட்டிப் பூச்சிய டிகிரி, மேலே கடுங்குளிர். அடியிலிருந்து நீராவி மேலேறி, மென்மையான பனித்துகளைக் கோணல்மாணலான பெரும் மணிகளாக மாற்றிவிடும். பார்த்தால் அஸ்கா சர்க்கரைதான். கையில் அள்ளி உருண்டை பிடித்தால் நிற்காது. இதன்மேல் திடீரென்று இரண்டு மூன்றடி புதுப்பனி கொட்டி இறுகினால் என்ன ஆகும்? சாய்ந்த தளத்தில் கேழ்வரகைப் பரப்பி, அதன்மேல் பலகையைப் போட்டு, ஏறி நின்று பாருங்கள். (வேண்டாம், நினைத்து மட்டும் பாருங்கள்!) பலகை வழுக்கும். மலையில் அந்தப் பலகையின் பெயர் பனிப்பாளம். அது வழுக்குவதே பனிச்சரிவு.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. கோட்டை மதிலுக்குப் பின்னே சருகும் மணலும் குவிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலக் காற்று, மலைமுகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டுகிறது. மேகமே இல்லாமல் ஒரே இரவில் அங்கே பனியின் கனம் பெருகிவிடும். சரிவின் சாய்வையும் பார்க்கவேண்டும். பெரும்பாலான பாளங்கள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் பெயர்கின்றன. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு இந்த வரிசையின் தொடக்கத்தில் வரும். பனிச்சறுக்குக்காரர்கள் விரும்புவதும் இதே சாய்வையே.

மூன்று நாள் கொட்டிய பின் நான்காம் நாள் நீலவானம் விரிந்து வெயில் பளபளக்கும். பார்ப்பவருக்கு ஆபத்து நீங்கிவிட்டதாகத் தோன்றும். அன்றுதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. புதுப்பனியின் பாரம் பழைய படலத்தோடு இன்னும் ஒட்டியிருக்காது. ஒரே ஒருவர் சறுக்கிச் செல்லும் பாரமே போதும். 2024 பிப்ரவரி 22 அன்று, சில நாள் கடும் பனிப்பொழிவுக்குப் பின், குல்மார்க்கின் மேல் சரிவில் ஒரு வெளிநாட்டுச் சறுக்குவீரர் இவ்வாறு புதையுண்டு இறந்தார். 2010 பிப்ரவரி 8 அன்று அதே பகுதியில், கிலன்மார்க்கில், பயிற்சியிலிருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் மாண்டனர்.

இதெல்லாம் வடநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கு மேலிருந்த காவல் நிலையைப் பனி மூடியபோது உயிர்நீத்த பத்துப்பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆயுளில் வெண்பனியைக் கண்டிருக்கமாட்டார்கள்.

ஆகவேதான் மலைமேல் வானத்தை மட்டும் பார்ப்பது போதாது, பனிக்குள்ளும் பார்க்கிறார்கள். சரிவில் தரைவரை குழிவெட்டி, அதன் சுவரில் படலங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திச் சோதிப்பார்கள். ஒரு தூண்போலச் செதுக்கி, மண்வெட்டியை மேலே வைத்துத் தட்டி, எத்தனையாவது தட்டில் எந்தப் படலம் நழுவுகிறது என்று எண்ணுவார்கள். அந்தக் குளிர்காலத்தின் வானிலை முழுவதும் அச்சுவரில் வரிவரியாக எழுதியிருக்கும். நம் நாட்டில் இதற்கென்றே 1969-இல் மணாலியில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 2020-இல் அது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் மற்றொரு கூடத்துடன் இணைக்கப்பட்டு, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு எச்சரிக்கைகள் விடுத்துவருகிறது. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு ஆபத்தின் அளவைச் சொல்வது உலக வழக்கம். அதில் மூன்று என்றால் நடுத்தரந்தானே என்று அலட்சியமாகப் போய் உயிரிழந்தவர் பலர். புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைக்கவைக்கலாம். அதற்குப்பின் நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. அதனால் ஒவ்வொருவரும் ஒலிபரப்பும் சிறு கருவி ஒன்றை மார்பில் கட்டி, மண்வெட்டியும் முதுகில் சுமந்தே கிளம்புகிறார்கள். தனியே போவதில்லை.

மார்ச்சு பிறந்தால் கதை மாறுகிறது. இரவில் உறைந்து காலையில் கல்லாகக் கிடக்கும் பனி, உச்சிவேளையில் ஈரம் கோத்துக் கனக்கிறது. அனுபவசாலிகள் விடியலில் ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடுவார்கள். பிற்பகலில் சரிவுகளில் சறுக்குபவர் இருக்கமாட்டார்கள். உருகிய நீர் மட்டும் ஓடைகளில் இறங்கி, ஜீலம் ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் அங்கே நெல்வயலுக்குப் பாய்வதும் அந்த நீர்தான்.