பலகைச் சுவரில் கறையா?

பூனாகலை போன்ற மலைத் தோட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையும் மூடுபனியும் வந்துவிட்டால் வெளிப்பக்கப் பலகைச் சுவர் கறுத்துவிடும். உடனே வாளியைத் தூக்காதீர்கள். எந்தக் கறை என்று முதலில் பாருங்கள்.

கறையில் ஒரு துளி பிளீச் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் மங்கினால் பூஞ்சணம். மங்காவிட்டால் பெரும்பாலும் அழுக்கு. ஆணியைச் சுற்றிய கருநீலம் இரும்பால் வருவது. ஊசி இலகுவாக இறங்கினால் பலகை உக்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பூஞ்சணத்தைச் சவர்க்கார நீரால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, நன்கு காயவிடுங்கள். பிளீச்சோடு வினாகிரியைக் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும். கூரை ஒழுக்கை அடைக்காமலும், சுவரோடு ஒட்டிய மண்ணை விலக்காமலும் விட்டால் கறை மீண்டும் வரும்.

ஈரத்தோடு சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்பும் கண்டால், அது கழுவும் காரியமல்ல. 2014 ஒக்டோபரில் மண் சரிந்து பல உயிர்களைக் கொண்டுபோன மீரியபெத்த நமக்குத் தூரமில்லை. பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள்.