மூன்று கிலோமீட்டருக்கு நடுவே ஓர் ஆறு

மியான்மரின் யாங்கோனில் ஒரு பிள்ளையிடம் எந்தப் பள்ளி என்று கேட்டால், ‘டகோன் 1’, ‘போட்டடாங் 6’ என்பது போலப் பதில் வரும். ஊர்ப்பகுதியின் பெயரும் ஓர் எண்ணும், அவ்வளவுதான். டகோன் 1 ஒரு காலத்தில் மெதடிஸ்ட் ஆங்கிலப் பள்ளி. போட்டடாங் 6, செயின்ட் பால்ஸ். 1960களின் நடுவில் அரசு எடுத்துக்கொண்டபோது பெயர்ப்பலகைதான் மாறியது, மவுசு குறையவில்லை.

பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை ஆராய்கிறவர்களுக்கு ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் அமைப்பு) வரைபடம் நல்ல கருவி. வீடு ஒரு புள்ளி, பள்ளி ஒரு புள்ளி, நடுவே தூரம். நம் கல்வி உரிமைச் சட்ட விதிகளும் தொடக்க வகுப்புகளுக்கு 1 கி.மீ., நடுநிலை வகுப்புகளுக்கு 3 கி.மீ. என்று தூரத்தைத்தான் சொல்கின்றன.

போட்டடாங் 6-ஐ நடுவில் வைத்து 3 கி.மீ. வட்டம் போட்டுப் பாருங்கள். தெற்கே அது யாங்கோன் ஆற்றைத் தாண்டி டலா கரையில் ஏறிவிடும். ஆனால் டலா பிள்ளை படகுத்துறைக்கு நடக்க வேண்டும், படகுக்குக் காத்திருக்க வேண்டும், அக்கரையில் பான்சோடான் துறையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பள்ளி திறப்பது ஜூனில். மழை பிடிப்பதும் அப்போதுதான். வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் நனைந்த பிறகுதான் முதல் மணி. நம்மூர் அப்பாபோல ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடவும் வழியில்லை: 2003 முதல் நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. வசதியுள்ளவர்கள் ‘ஃபெரி’ எனப்படும் பள்ளி வேனுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.

2014 கணக்கெடுப்பில் டகோனின் மக்கள்தொகை சுமார் 25,000. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த, லாயிங் ஆற்றுக்கு அப்பாலுள்ள லாயிங்தாயாவில் சுமார் 6.88 லட்சம். பேர்பெற்ற பள்ளிகளோ பழைய நகரைச் சுற்றியே நிற்கின்றன. இந்த நிலையில் லாயிங்தாயா தாய் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால், அதை அவள் விருப்பம் என்று பதிவது நியாயமா? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அரை மணி நேரத்தில், கட்டுப்படியாகும் செலவில் எட்டக்கூடிய பள்ளிகள் எவை என்று முதலில் வரைய வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைத் தரவும் அதற்குப் போதும். படகு நேரத்தைத்தான் கையால் சேர்க்க வேண்டும். விருப்பம் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

ஆனால் வீட்டைப் புள்ளியாகக் குறிக்கும் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் ஆசிரியர்கள் பலர் பணியைத் துறந்தார்கள். பெற்றோர் பலர் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் லாயிங்தாயாவில் ராணுவச் சட்டம் வந்தது. பிள்ளையை அனுப்ப மறுத்த வீட்டை வரைபடத்தில் புள்ளியாகக் குறிப்பது காட்டிக்கொடுப்பதாகவே முடியலாம். அங்கே ஆய்வாளர் வீடுகளை விட்டு, வட்டாரத்துக்கு ஒரு நிறம் மட்டும் பூச வேண்டும்.