பண்ணைக் குட்டையில் ஜிலேபிக்கு ஏற்ற கூட்டாளி மீன்கள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகளும் பண்ணைக் குட்டைகளும் நிரம்புகின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் குட்டை நீர் வைகாசி வரை நிற்கும். இந்த ஆறு மாதத்தில் மீன் வளர்த்து, பயிருக்கு மேற்பட்ட ஒரு வருமானம் பெற விவசாயிகள் பலர் விரும்புகின்றனர். குஞ்சு வாங்கப் புறப்படும்போது அவர்களுக்கு எழும் கேள்வி இதுதான்: ஜிலேபி விடலாமா? விட்டால் அதனுடன் வேறு எந்த மீனை விடுவது?

இதற்குச் சரியான விடை தெரியாமல் கிடைத்த குஞ்சுகளையெல்லாம் கலந்து விட்டால், அறுவடையின்போது வலை நிறைய மீன் இருக்கும். விலை போகும் மீன் இருக்காது. 50 கிராம் எடையுள்ள 2,000 மீனும் 100 கிலோதான். 400 கிராம் எடையுள்ள 250 மீனும் 100 கிலோதான். இரண்டுக்கும் சந்தையில் கிடைக்கும் விலை ஒன்றல்ல.

ஜிலேபியின் குணம்

ஜிலேபி நம் நாட்டு மீன் அன்று. சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மீன். பழவேற்காட்டில் பிடிபடும் கரிமீன் இதே குடும்பத்தின் நம் நாட்டு உறவு. மொசாம்பிக் திலேப்பியா என்னும் ஜிலேபி இனம் 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, மண்டபத்தில் ஆராயப்பட்டது. பின்னர் தென்னாட்டு நீர்த்தேக்கங்களிலும் குளங்களிலும் விடப்பட்டது. பல இடங்களில் அது பெருகிக் கெண்டை மீன்களின் வளர்ச்சியைக் குறைக்கவே, அதைப் பரப்பக் கூடாது என 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு முடிவு செய்தது. ஆனால் அதற்குள் மீன் பரவிவிட்டது. இன்று மதகு வழியாக ஏரி நீர் பாயும் எந்தக் குட்டையிலும், விவசாயி விடாமலே ஜிலேபி வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்த மீன் பெருகும் விதத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆண் மீன் குட்டையின் அடிமண்ணில் தட்டுப் போன்ற குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு அடைகாக்கும். குஞ்சு பொரித்த பின்னும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். அதனால் ஒரே ஒரு சினை மீன் கால்வாய் வழியே வந்தாலும் குட்டை முழுவதும் குஞ்சாகிவிடும். இரண்டு, மூன்று மாதத்திலேயே அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தொடங்கும். வாயில் முட்டை இருக்கும் காலத்தில் பெண் மீன் இரை எடுப்பதில்லை. எனவே அது வளர்வதும் இல்லை. ஜிலேபி குட்டைகளில் மீன் சிறுத்துப் போவதற்குக் காரணம் தீவனக் குறைவு மட்டுமன்று. இந்த ஓயாத இனப்பெருக்கமே.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த மீனையும் ஜிலேபியுடன் சேர்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அது எதைத் தின்கிறது? நீரின் எந்த மட்டத்தில் மேய்கிறது? அதன் வாய் எவ்வளவு பெரியது? இரையும் இடமும் ஒன்றானால் போட்டி வரும். ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று அடங்கினால் கூட்டாளியே இரையாகிவிடும்.

ஜிலேபி பாசி, நுண்ணுயிர், மட்கிய பொருள், தவிடு, பிண்ணாக்கு என எதையும் தின்னும். எல்லா மட்டத்திலும் மேயும். ஆகவே அதனுடன் முழுப் போட்டியில்லாத மீன் எதுவும் இல்லை. போட்டி குறைந்த மீன்களையே தேட வேண்டும்.

கட்லா: தோப்பா மீன் என்றும் சொல்வர். மேல் மட்டத்தில் நுண்ணிய விலங்கினங்களைத் தின்று விரைவில் எடை கூடும். ஜிலேபியுடன் சிறிய எண்ணிக்கையில் சேர்க்கலாம்.

ரோகு: நடு மட்டத்து மீன். அழுகிய தாவரப் பொருளையும் இடும் தீவனத்தையும் உண்ணும். இதையும் ஓரளவு சேர்க்கலாம்.

புல் கெண்டை: நீர்ச்செடிகளையும் வெட்டிப் போடும் தீவனப் புல்லையும் தின்னும். ஜிலேபியுடன் போட்டி குறைவு. இதன் கழிவு குட்டைக்கு உரமாகிறது. வரப்பில் புல் உள்ளவர்களுக்கு மிகவும் ஏற்றது.

மிர்கால்: அடிமட்டத்து வண்டலைத் தின்னும். ஜிலேபியும் அதையே கிளறும் என்பதால், ஜிலேபி அதிகமுள்ள குட்டையில் மிர்கால் தேறுவது குறைவு.

வெள்ளிக் கெண்டை: பச்சை நிற நுண்பாசியை வடித்துத் தின்னும். ஜிலேபியும் அதை விரும்பும். கட்லாவின் வளர்ச்சியையும் இது குறைக்கும். எனவே தவிர்க்கலாம்.

சாதாக் கெண்டை: அடிமண்ணையும் கரையையும் கிளறும் பழக்கம் உடையது. கரை உறுதியில்லாத மண் குட்டையில் தவிர்ப்பது நல்லது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி: எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் இது. கூட்டாளி மீன்களைத் தின்பதோடு, தப்பினால் ஏரி மீன்களையும் அழிக்கும்.

கெண்டைக் குட்டையா, ஜிலேபிக் குட்டையா?

மீன் வளர்ப்போர் முதலில் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் சரிபாதியாகக் கலப்பதே நட்டத்துக்கு வழி. 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அதாவது சுமார் 22 சென்ட் நீர்ப்பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குட்டைக்கு இரு திட்டங்கள் கீழே தரப்படுகின்றன.

முதல் திட்டம், கெண்டைக் குட்டை. கட்லா 180, ரோகு 135, மிர்கால் 135 என மொத்தம் 450 குஞ்சுகள் விடலாம். நீர் நிற்பது ஆறு மாதமே என்பதால் நுண்குஞ்சு வாங்கக் கூடாது. 10 சென்டிமீட்டருக்குக் குறையாத வளர்ந்த குஞ்சுகளாக வாங்க வேண்டும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு கலந்து, மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு நாள்தோறும் இடலாம். இந்தக் குட்டையில் ஜிலேபி விடவே கூடாது.

இரண்டாம் திட்டம், ஜிலேபிக் குட்டை. இதற்கு ஏரியில் பிடித்த நாட்டு ஜிலேபிக் குஞ்சு உதவாது. கிப்ட் திலேப்பியா எனப்படும் மேம்படுத்தப்பட்ட இனத்தின் ஆண் குஞ்சுகளையே வாங்க வேண்டும். 1988 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டில், நைல் திலேப்பியாவின் பல வகைகளைக் கலந்து, நன்றாக வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது இந்த இனம். நெல்லில் விதைத் தேர்வு செய்வது போன்ற முறைதான் இது. மரபணு மாற்றிய மீன் என்று அஞ்ச வேண்டியதில்லை. குஞ்சுப் பருவத்தில் சுமார் 3 வாரம் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குகின்றனர். இதனால் இனப்பெருக்கம் நின்று, தின்ற தீவனம் எடையாகிறது. நல்ல தீவனம் கிடைத்தால் 5, 6 மாதத்தில் 400 கிராம் அளவை எட்டும். குறுகிய காலமே நீர் நிற்கும் குட்டைகளுக்கு இது பெரிய வசதி.

காற்றூட்டும் கருவி இல்லாத குட்டையில் சதுர மீட்டருக்கு 1 ஜிலேபி போதும். மேற்சொன்ன குட்டைக்கு 900 ஜிலேபி, 45 கட்லா, 45 ரோகு, 20 புல் கெண்டை விடலாம். குருணைத் தீவனத்தைத் தொடக்கத்தில் மீன் எடையில் நூற்றுக்கு 5 பங்கும், வளர வளரக் குறைத்து 2 பங்கும், காலை மாலை இருவேளை இடவேண்டும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறினால் அன்று தீவனத்தை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

கிப்ட் திலேப்பியா வளர்க்க மாநில மீன்வளத் துறையில் பதிவு செய்து அனுமதி பெறவேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அனுமதிக்கு முன் குஞ்சு வாங்குவது வீண் தொல்லை.

காவல்காரன் விரால்

ஆண் குஞ்சு என்று வாங்கினாலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பெண் மீன் கலந்திருக்கக்கூடும். கெண்டைக் குட்டையிலும் கால்வாய் வழியே நாட்டு ஜிலேபி புகுந்துவிடும். இந்தக் குஞ்சுகளைக் கட்டுப்படுத்த நம் ஊர் விராலே போதும். தாய்லாந்துக் குளங்களில் செய்த ஆய்வில், 80 திலேப்பியாவுக்கு 1 விரால் என விட்டபோதே குஞ்சுப் பெருக்கம் கட்டுக்குள் வந்தது. இக்கணக்குப்படி 900 ஜிலேபி உள்ள குட்டைக்கு 12 விரால் போதும். கெண்டைக் குட்டைக்கும் 15, 20 விரால் விடலாம். விரால் தனியே நல்ல விலை போவதால் இது கூடுதல் வருமானமும் ஆகும்.

ஆனால் விடும் நேரம் முக்கியம். ஜிலேபியும் கெண்டையும் 100 கிராம் எடையைத் தாண்டிய பிறகே, 10 சென்டிமீட்டர் அளவுள்ள விரால் குஞ்சுகளை விடவேண்டும். முதலிலேயே விட்டால் விலை கொடுத்து வாங்கிய குஞ்சுகள் விராலுக்குத் தீனியாகும். மழை இரவில் விரால் கரையேறி ஊர்ந்து போகும் என்பதால் கரையைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு வலை கட்டுவது நல்லது.

குஞ்சு விடுமுன் செய்ய வேண்டியவை

கோடையில் குட்டையை முழுவதும் காயவிட்டு, அடிமண் வெடிக்கும் வரை வைத்திருக்க வேண்டும். ஒரு மூலையில் முழங்கால் அளவு சேற்று நீர் தங்கினாலும் அதில் பழைய ஜிலேபி பிழைத்துக் கிடக்கும். காயவைக்க முடியாதபோது, தங்கிய நீரில் ஒரு கன மீட்டருக்கு 250 கிராம் வீதம் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்துத் தெளித்தால் களை மீன்கள் மடியும். அதன்பின் 3 வாரம் கழித்தே குஞ்சு விடவேண்டும். 22 சென்ட் குட்டைக்குச் சுண்ணாம்பு 22 கிலோவும், ஒரு வாரம் கழித்து மாட்டுச் சாணம் 200 கிலோவும் இட்டால் நீரில் மீனுக்கு வேண்டிய இயற்கை உணவு உண்டாகும். நீர் வரும் வழியிலும் வெளியேறும் வழியிலும் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்ட வேண்டும்.

கண்ணாடித் தொட்டிக்கும் இதே கணக்கு

சென்னை கொளத்தூர்ச் சந்தையை நம்பி வண்ண மீன் வளர்ப்போரும் இவ்விதிகளைக் கவனிக்கலாம். தொட்டிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்க சிக்லிட்களில் பல மலாவி ஏரியின் பாறைப் பகுதியிலிருந்து வந்தவை. கடினத்தன்மையும் காரத்தன்மையும் உள்ள நீரே அவற்றுக்கு ஏற்றது. உப்புக் கரிக்காத கடின ஆழ்குழாய் நீர் உள்ளவர்களுக்கு இது சாதகம். ஆனால் இவை எல்லைக்குச் சண்டையிடும் மீன்கள். பொன்மீன், தேவதை மீன் போன்ற சாதுவான மீன்களை இவற்றுடன் விட்டால் துடுப்பு கிழிந்து மடியும். ஒரே ஏரியைச் சேர்ந்த, ஒரே அளவுள்ள இனங்களையே சேர்த்து, ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண் மீன்களாக வைத்து, கல் அடுக்கி மறைவிடங்கள் அமைக்க வேண்டும். பாசி தின்னும் இனங்களையும் இறைச்சித் தீவனம் கேட்கும் இனங்களையும் ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது.

ஏரிக்குத் தப்பக் கூடாது

வேண்டாத வண்ண மீனையோ, விலைபோகாத ஜிலேபிக் குஞ்சையோ ஏரியிலும் கால்வாயிலும் விடுவது பெருந்தவறு. குட்டையில் செய்த பிழையைக் கோடையில் காயவைத்துத் திருத்திவிடலாம். ஏரியில் செய்த பிழையைத் திருத்த வழியில்லை. கெண்டை, கெளுத்தி, விரால், குறவை என நாட்டு மீன்கள் குறைந்தால் மீன்பாசிக் குத்தகை எடுப்பவருக்கும், கடை மடையில் தூண்டில் போடும் ஏழைக்கும் நட்டம்.

பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், ஏரியைக் காக்கவென்றே ஏரி வாரியம் என்ற குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த ஊர் உத்திரமேரூர். ஒருவர் குட்டையின் நீர் கலங்கல் வழியே ஊர் ஏரிக்குப் போகும் என்பதை இவ்வட்டார விவசாயிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தில் கரை மூழ்கும் தாழ்வான குட்டையிலும் ஏரி உள்வாயை ஒட்டிய குட்டையிலும் ஜிலேபியைத் தவிர்த்து, கெண்டை மட்டும் வளர்ப்பதே முறை.

குஞ்சு இருப்பு, பதிவு, மானியம் பற்றிய விவரங்களை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும், வளர்ப்பு முறை பற்றிய ஆலோசனையைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பெறலாம். மழைக்கு முன்பே குட்டையைத் தயார் செய்து, எந்தத் திட்டம் என்று முடிவு செய்து, குஞ்சுக்கும் பதிவு செய்துவிட்டால், கார்த்திகையில் நீர் நிரம்பியவுடன் ஒரு நாளும் வீணாகாமல் வளர்ப்பைத் தொடங்கலாம்.