நீருக்குத் தோற்காத சாலை

வெயிலில் பல மாதங்கள் லாரிகளைத் தாங்கி நின்ற சாலை, நான்கு நாள் மழையில் குழி குழியாகப் பெயர்ந்துவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல், நிலக்கீல், நீர் ஆகிய மூன்றுக்கும் இடையே நிகழும் போட்டியே இதற்குக் காரணம்.

நாம் பேச்சு வழக்கில் 'தார்' என்று சொல்வது பெரும்பாலும் நிலக்கீலையே. தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது; நிலக்கீலோ பெட்ரோலியத்தை வாலை வடித்தபின் எஞ்சும் கரிய பொருள். கல்லின் பரப்பு, குறிப்பாகக் குவார்ட்சு மிகுந்த கல்லின் பரப்பு, நிலக்கீலைவிட நீரையே அதிகம் கவரும். எனவே நீர் உள்ளே புகுந்ததும் நிலக்கீலை விலக்கிவிட்டுத் தானே கல்லுடன் ஒட்டிக்கொள்கிறது.

பழைய சாலையைக் கிளறி, அந்தக் கல்லுடனேயே சிறிது நிலக்கீலைச் சேர்த்து, மீண்டும் அடித்தளமாக இறுக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் நன்கு வளர்ந்துள்ளது. புதிதாக மலையை உடைக்கும் தேவை இதனால் குறைகிறது. நிலக்கீலைப் பால்மமாகவும் கலக்கலாம், நுரையாகவும் கலக்கலாம். கொதிக்கும் நிலக்கீலில் நீராவியைச் செலுத்தி நுரைக்க வைக்கும் முறையை, 1956-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பேராசிரியர் சான்யி உருவாக்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரைப் பயன்படுத்தும் எளிய வழி பிறந்தது.

நூறு கிலோ கலவையில் சேரும் நிலக்கீல் ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரை கிலோதான். இது எல்லாக் கற்களையும் போர்த்துவதில்லை. நுண்துகள்களுடன் சேர்ந்து, பற்றவைத்த பொட்டுகள் போல, கற்களை ஆங்காங்கே பிணைக்கிறது. மூடப்படாத பரப்பு மிகுதி. ஆகவே நீர் நுழையவும் இடம் மிகுதி. இக்கலவையை முன்கூட்டியே சோதிப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைகளைச் செய்து உலர்த்துகிறார்கள். சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றை 25 டிகிரி சென்டிகிரேடு நீரில் 24 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பிறகு ஒவ்வோர் உருளையையும் பக்கவாட்டில் கிடத்தி, மேலிருந்து அழுத்துகிறார்கள். அது நடுவே இரண்டாகப் பிளக்கிறது. பிளப்பதற்குத் தேவைப்பட்ட சுமையிலிருந்து இழுவலிமை கணக்கிடப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. உலர்ந்த உருளையின் வலிமை 250 கிலோபாஸ்கல், ஊறியதன் வலிமை 150 என்று கொள்வோம். எஞ்சிய வலிமை 60 விழுக்காடு. இன்னொரு கலவையில் இவை 120, 96 என்றால், எஞ்சியது 80 விழுக்காடு. இரண்டாவதுதான் சிறந்தது என்று முடிவு செய்துவிடாதீர்கள்! 2009-இல் வெளியான தென்னாப்பிரிக்க வழிகாட்டி, உயர்தரக் கலவைக்கு உலர்நிலையில் 225, ஈரநிலையில் 100 கிலோபாஸ்கலாவது வேண்டும் என்றது. இரண்டாவது கலவை முதலிலேயே வலுவற்றது. இழப்பதற்கே அதனிடம் அதிகமில்லை. விகிதத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

சாலையில் நீர் சும்மா நிற்பதும் இல்லை. லாரிச் சக்கரம் ஏறும்போதெல்லாம் துளைகளிலுள்ள நீர் அழுத்தப்பட்டு, நுண்துகள்களை அரித்துக் கொண்டு பாய்கிறது. இதைப் போலவே, மாதிரிக்குள் நீரை விட்டுவிட்டு அழுத்திச் செலுத்தும் சோதனையை ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அதன் பின்னும் கலவையின் பிணைப்பு வலிமையில் முக்கால் பங்காவது நிலைத்திருந்தால்தான் அது உயர்தரம் எனப்படும்.

தேறாத கலவையைத் திருத்த வழியுண்டு. ஒரு விழுக்காட்டுக்கு மிகாமல் சிமெண்டு அல்லது சுண்ணாம்பு சேர்த்தால் ஒட்டும் திறன் கூடும். சிமெண்டு அளவு மீறினால் அடித்தளம் விறைத்து வெடித்துவிடும். அவ்வெடிப்பு நீருக்கே வாசலாகும். நன்கு இறுக்கினால் துளைகள் குறையும். இவை எல்லாம் செய்தபின்னும், சாலையோர வடிகால் அடைபட்டுக் கிடந்தால் நீர் உள்ளேயே தேங்கி நிற்கும். அடுத்த மழையில் ஒரு குழியைக் கண்டால், அதன் அருகே வடிகால் இருக்கிறதா, அதில் நீர் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.