காய் நகர்த்திக் கண்ட பகா எண்

புதிய பெரிய பகா எண் கிடைத்ததாகச் செய்தி வந்தால், அதில் எத்தனை இலக்கம் என்பதுதான் தலைப்பாகிறது. 2024-இல் கிடைத்ததற்கு 4,10,24,320 இலக்கங்கள். அதைப் படித்த வாசகர் ஒருவர், "இத்தனை நீள எண்ணை எதால் வகுத்துப் பார்த்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். சிறிய எண்களால் முதலில் தட்டிப் பார்ப்பதுண்டு. ஆனால் பகா எண்தான் என்று தீர்ப்புச் சொல்வது வகுத்தல் அல்ல.

எனக்குப் பிடித்த பகா எண் இதைவிட மிகச் சிறியது: 170141183460469231731687303715884105727. 2-இன் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைத் தம் பகா எண் பட்டியலில் சேர்த்தார். பட்டியலில் தப்பும் உண்டு, விடுபட்டதும் உண்டு. இது சரியென்று 1876-இல் நிறுவியவர் எடுவார் லூக்கா. ஹனோய் கோபுரம் என்ற வட்டுப் புதிரைத் தந்தவரும் அவரே.

அவருடைய வழியை 127-ஐ வைத்தே பார்க்கலாம். இது 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 3-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள். 127-ஐத் தாண்டினால் மீதி மட்டும் போதும். 3, 7, 47 என்று போய் அடுத்து 2207, மீதி 48. பிறகு 16. அடுத்து 254, அதாவது 127-இன் இருமடங்கு, மீதி பூஜ்யம். ஐந்தாம் படியில் பூஜ்யம் விழுந்தால் பகா எண், இல்லாவிட்டால் இல்லை. (அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரவேண்டும், 7-க்கும் 127-க்கும் வருகிறது.) அடுக்கில் இரண்டு குறைந்தால் படிகளின் எண்ணிக்கை. அப்படியானால் நம் பெரிய எண்ணுக்கு 125 படிகள்.

39 இலக்க எண்ணை 125 தடவை வர்க்கம் எடுத்து வகுப்பதா? இங்கேதான் லூக்காவின் குறும்பு. 2207-இல் 128 பதினேழு தடவை போக 31 மிஞ்சும். 17-ம் 31-ம் கூட்டினால் 48. 127-ஆல் வகுக்காமலே மீதி வந்துவிட்டது! எண்ணை இரும முறையில் எழுதி 127-க்கு 127 கட்டமுள்ள சதுரங்கப் பலகையில் காய்களாக வைத்தால் போதும் என்றார் அவர். ஒரே நிரலில் இரண்டு காய் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்க நிரலில் ஒன்று வைக்க வேண்டும். இடது ஓரம் தாண்டும் காய் வலது ஓரத்தில் புகும்; 17-ஐ 31-உடன் கூட்டியதும் இதுதான். எங்கள் பாட்டி பல்லாங்குழி ஆடும்போது கடைசிக் குழியைத் தாண்டிய சோழி சுற்றி வந்து விழுமே, அதே போக்கு.

நம் வகுப்பறைகளில் நூறு வரையுள்ள பகா எண்களை ஒப்பிக்க வைப்பதோடு கதை முடிகிறது. ஏழுக்கு ஏழு கட்டம் வரைந்து புளியங்கொட்டை கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே 127-ஐச் சோதித்துவிடுவார்கள். தேர்வில் வராது என்பதால் யாரும் கொடுப்பதில்லை.

அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் என்ற இடத்திலிருந்து லூக்காவின் எண் 1951 வரை அசைக்கப்படவில்லை. அந்த ஆண்டு கேம்பிரிட்ஜின் எட்சாக் கணிப்பொறி 79 இலக்கப் பகா எண் ஒன்றைப் பிடித்தது. அதற்கும் மூலதனம் இதே எண்தான்: இதை வர்க்கம் எடுத்து, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினார்கள்.