ஒரு விமானக் கம்பனி இன்னொன்றை வாங்கும்பொழுது

வாணிப உலகில் ஒருவர் நொடித்துப் போவதும், அவருடன் போட்டியிட்ட மற்றொருவர் அவருடைய கடையை வாங்கிக்கொள்வதும் புதிய செய்திகளல்ல. வாங்குபவர் சரக்கை எண்ணிப் பெற்றுக்கொள்கிறார், கணக்கைச் சரிபார்க்கிறார், பெயர்ப்பலகையை மாற்றுகிறார், மறுநாட் காலையில் கடை திறந்துவிடுகிறது. ஆனால், ஒரு விமானக் கம்பனி, நட்டத்தில் மூழ்கிய இன்னொரு விமானக் கம்பனியை வாங்கும்பொழுது காரியம் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. பணம் கைமாறிய பின்னரே உண்மையான தொல்லைகள் தலைகாட்டுகின்றன. அவற்றுள் மிகக் கடினமானது எது, அதனால் பாதிக்கப்படுவோர் யாவர் என்பதை, அமெரிக்காவிலே 2001ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கொள்வனவைக் கொண்டு விளக்க முயல்வோம். வாங்கியது அமெரிக்கன் எயர்லைன்ஸ். வாங்கப்பட்டது ட்ரான்ஸ் வேர்ல்ட் எயர்லைன்ஸ். பின்னதை உலகம் டி. டபிள்யூ. ஏ. என்னும் மூன்று எழுத்துக்களால் அறிந்திருந்தது.

டி. டபிள்யூ. ஏ. சாதாரணமான கம்பனியன்று. 1930ஆம் ஆண்டில் இரு கம்பனிகள் இணைந்ததன் பயனாக அது பிறந்தது. கோடீசுவரரான ஹவார்ட் ஹியூஸ் 1939 முதல் அதன் பங்குகளை வாங்கித் தம் ஆதிக்கத்துக்குட் கொண்டுவந்தார். 1946இல் அதன் விமானங்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து பாரிஸ் நகருக்குப் பறக்கத் தொடங்கின. 1962இல் நியூ யோர்க்கில் அக்கம்பனி திறந்த விமான நிலையக் கட்டடம், சிறகு விரித்த பறவையை ஒத்த தோற்றத்தால் இன்றும் கட்டடக் கலைஞரின் பாராட்டைப் பெறுகின்றது.

இத்தகைய கம்பனி ஏன் நொடிந்தது? 1978ஆம் ஆண்டுவரை அமெரிக்காவில் எந்தக் கம்பனி எந்த வழியிற் பறக்கலாம், என்ன கட்டணம் அறவிடலாம் என்பனவற்றை அரசாங்க சபையொன்று நிர்ணயித்து வந்தது. அவ்வாண்டில் அக்கட்டுப்பாடு சட்டத்தின் மூலம் தளர்த்தப்பட்டது. போட்டி பெருகியது, கட்டணம் குறைந்தது, கடன்பட்ட கம்பனிகள் தள்ளாடின. டி. டபிள்யூ. ஏ. 1988க்குப் பின் ஓராண்டிலேனும் இலாபம் காணவில்லை. 1991இல் லண்டனுக்குச் செல்லும் தன் சிறந்த வழிகளை, பிற்காலத்தில் தன்னையே வாங்கவிருந்த அமெரிக்கன் கம்பனிக்கு விற்றது. 1992இலும் 1995இலும் வங்குரோத்து நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. கம்பனியை முன்னர் தம் கையில் வைத்திருந்த கார்ல் ஐக்கான் என்னும் முதலாளிக்குக் கொடுக்கவேண்டிய கடனுக்கு ஈடாக, அதன் பிரயாணச் சீட்டுக்களைப் பெருங்கழிவில் வாங்கி விற்கும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. தன் ஆசனங்களையே குறைந்த விலைக்குத் தனக்கு எதிராக விற்க இடமளித்த வியாபாரம் எங்ஙனம் தழைக்கும்? 2001 ஜனவரி 10ஆந் தேதி அக்கம்பனி மூன்றாவது முறையாக வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தது. அதே நாளில், அமெரிக்கன் கம்பனி அதனை வாங்கும் செய்தியும் வெளியாயிற்று.

வாங்கியவர் மனக்கணக்கு இதுவாகும். பெரிய விமானக் கம்பனிகள் ஒரு நகரை மைய நிலையமாகக் கொண்டு, பல திசைகளிலிருந்தும் பிரயாணிகளை அங்கே சேர்த்து, விமானம் மாற்றி அனுப்பிவைக்கும். அமெரிக்கன் கம்பனிக்குச் சிக்காகோவும் டாலசும் மையங்கள். சிக்காகோவில் இட நெருக்கடி மிகுதி. டி. டபிள்யூ. ஏ.யின் மையமாகிய சென்ற் லூயிஸ் நகரம் நாட்டின் நடுவிலே அமைந்து, அந்நெருக்கடியைத் தணிக்க வாய்ப்பாகத் தோன்றியது. மேலும், போட்டிக் கம்பனியாகிய யுனைட்டட் வேறொரு பெருங்கம்பனியை வாங்கி வளர முயன்றுகொண்டிருந்த காலம் அது. 2001 ஏப்பிரிலில் வாங்கல் நிறைவெய்தியது. 74 கோடி டொலர் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. பழைய கம்பனியின் கடன் பொறுப்புக்களிற் பெரும்பகுதியும் ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 ஊழியருக்கு வேலை தொடரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

இனி, தொல்லைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது, சட்டமும் பாதுகாப்பும் பற்றியது. உடைமையாளர் ஒருவராகிவிட்டார் என்பதற்காக இரு கம்பனிகளின் விமானங்களையும் மறுநாளே கலந்து ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு கம்பனியும் தனக்குரிய அனுமதிப் பத்திரத்தின்கீழ், தனக்குரிய கைந்நூல்கள், பயிற்சி முறைகள், திருத்த வேலை விதிகள் ஆகியவற்றைப் பின்பற்றிப் பறக்கின்றது. இவையெல்லாம் ஒன்றாக்கப்பட்டு, அரசாங்க அதிகாரிகள் திருப்தியுறும்வரை இரண்டும் தனித்தனியே இயங்கவேண்டும். ஆகவே, வாங்கி ஏழு மாதங்களுக்கு மேல் டி. டபிள்யூ. ஏ. தன் பெயரிலேயே பறந்தது. அதன் இறுதி விமானம் 2001 டிசெம்பர் 1ஆந் தேதி கன்சாஸ் நகரிலிருந்து புறப்பட்டு, சென்ற் லூயிஸில் இறங்கியது.

இரண்டாவது, இயந்திரங்கள் பற்றியது. இரு கம்பனிகளிடமும் போயிங் 757 விமானங்கள் இருந்தன. வெளித்தோற்றத்தில் அவை ஒன்றே. ஆனால் அமெரிக்கன் கம்பனியின் விமானங்களில் ரோல்ஸ் ரோய்ஸ் எஞ்சின்களும், மற்றதன் விமானங்களில் பிராட் அன்ட் விட்னி எஞ்சின்களும் பொருத்தப்பட்டிருந்தன. எஞ்சின் வேறானால் உதிரிப் பாகம் வேறு, கருவி வேறு, திருத்துபவரின் பயிற்சியும் வேறு. சிறிய போயிங் 717 விமானங்கள் முப்பது கூடவே வந்தன. அமெரிக்கன் கம்பனி சில ஆண்டுகளுள் அவற்றை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது.

மூன்றாவது, ஆசனப் பதிவு. டி. டபிள்யூ. ஏ. வேர்ல்ட்ஸ்பான் என்ற கணனி முறையையும், அமெரிக்கன் சேபர் என்ற முறையையும் கையாண்டன. ஒன்றில் எழுதப்பட்டிருந்த பதிவுகளைப் பிழையின்றி மற்றதற்கு மாற்றவேண்டியிருந்தது. இவ்வகைத் தொல்லைகள் பெரியவையே. எனினும் பணமும் காலமும் பொறுமையும் இருந்தாற் கடந்துவிடக் கூடியவை.

நான்காவது தொல்லை அத்தகையதன்று. அது சேவை மூப்புப் பட்டியல். விமானிகளையும் விமானப் பணியாளரையும் பொறுத்தவரை, சேவையிற் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் வரிசை எண்ணே அவர்கள் வாழ்வை நடத்துகின்றது. எந்த விமானத்தை ஓட்டுவது, கப்டனாக அமர்வதா துணை விமானியாக அமர்வதா, எந்த நகரிலிருந்து புறப்படுவது, எந்நாளில் ஓய்வு பெறுவது என்பன யாவும் அந்த எண்ணைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. சம்பளமும் அதனோடு பிணைந்தது. ஆட்குறைப்பு வருமாயின் பட்டியலின் அடியிலிருந்தே ஆட்கள் நீக்கப்படுவர். ஒரு கம்பனியில் இருபது ஆண்டு உழைத்தவர் வேறொரு கம்பனிக்கு மாறினால், அங்கே கடைசி எண்ணிலிருந்துதான் தொடங்கவேண்டும். எனவே, தம் கம்பனி விற்கப்படும்பொழுது தம் எண்ணுக்கு என்ன நேரும் என்பதே ஊழியரின் முதற் கவலை.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். இரண்டு சங்கக் கடைகளின் முன்னே மக்கள் இரண்டு வரிசைகளாக நிற்கின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒரு கடை மூடப்படுகிறது. அங்கே நின்றவர்களும் மற்றக் கடைக்கு வருகின்றனர். இரு வரிசைகளையும் ஒன்றாக்குவது எப்படி? வந்த நேரத்தைப் பார்த்து ஒழுங்கு செய்யலாம். இரு வரிசைகளிலும் ஒத்த இடத்தில் நின்றவர்களை மாறிமாறிச் சேர்க்கலாம். அல்லது, மூடிய கடையின் வரிசை முழுவதையும் திறந்த கடையின் வரிசைக்குப் பின்னே நிறுத்தலாம். சரக்குப் போதிய அளவு இருந்தால் எந்த முறையும் பெரும் இழப்பை உண்டாக்காது, தாமதம் மாத்திரமே. சரக்கு இடையிலே தீர்ந்துவிட்டால், கடைசியில் நின்றவர் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான்.

அமெரிக்கன் விமானிகளின் சங்கம் தன் நியாயத்தைக் கூறியது. மற்றக் கம்பனி மூழ்கிக்கொண்டிருந்தது; எமது கம்பனி கைகொடாவிடின் அங்குள்ளோர் அனைவரும் வேலையிழந்திருப்பர்; அவர்களைக் காப்பாற்றியதற்காக எம்மவர் பின்தள்ளப்படுவது முறையா என்று கேட்டது. டி. டபிள்யூ. ஏ. விமானிகளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கம்பனியை நடத்தியவர்களின் கணக்குத் தவறியிருக்கலாம். நாம் பிரயாணிகளைப் பத்திரமாகக் கொண்டுசென்று இறக்கிய ஆண்டுகள் எப்படிப் பொய்யாகும் என்று அவர்கள் வாதித்தனர். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் வலிமை ஒரு பக்கத்திலேயே இருந்தது. பட்டியலில் நியாயமான இடம்பெற நடுவரிடம் செல்லும் உரிமை டி. டபிள்யூ. ஏ. விமானிகளின் பழைய ஒப்பந்தத்தில் இருந்தது. அதனைக் கைவிட்டாலன்றி வாங்கல் நடைபெறாது என்ற நிலை உண்டாகவே, அவர்கள் 2001 ஏப்பிரிலில் அவ்வுரிமையைத் துறந்தனர்.

அவ்வாண்டு நவம்பரில் விமானிகளின் பட்டியல் முடிவாயிற்று. டி. டபிள்யூ. ஏ.யின் ஏறத்தாழ 2,300 விமானிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் பட்டியலின் அடியிலே வைக்கப்பட்டனர். அவர்களுட் பலர் பத்தாண்டுக்கு மேற் சேவை செய்தவர்கள். அவர்களுக்கு ஆறுதலாக, சென்ற் லூயிஸ் நகரிலே சில பதவிகள் ஒதுக்கப்பட்டன. விமானப் பணியாளரின் நிலை இன்னும் கடினமாயிற்று. ஏறத்தாழ 4,000 பேரும், முப்பதாண்டு உழைத்தவர் உட்பட, பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்பட்டனர்.

சரக்குத் தீர்ந்துபோகும் வேளையும் விரைவில் வந்தது. பட்டியல் முடிவாகுமுன்னரே, 2001 செப்டெம்பர் 11ஆந் தேதி நான்கு விமானங்கள் கடத்தப்பட்டுப் பேரழிவு நிகழ்ந்தது. அவற்றுள் இரண்டு அமெரிக்கன் கம்பனிக்குரியவை. மக்கள் பறக்க அஞ்சினர், பொருளாதாரமும் தளர்ந்திருந்தது. அமெரிக்கன் கம்பனியின் தாய் நிறுவனம் 2002இல் மாத்திரம் 350 கோடி டொலர் நட்டமடைந்தது. ஆட்குறைப்புத் தொடங்கியதும், அடியில் நின்றோரே முதலில் வெளியேற நேர்ந்தது. 2003ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் டி. டபிள்யூ. ஏ.யிலிருந்து வந்த விமானப் பணியாளர் ஏறக்குறைய அனைவரும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். மீண்டும் அழைக்கப்படும் உரிமைக்கும் ஐந்தாண்டு என்ற எல்லை இருந்தமையால், பலர் திரும்பவே இல்லை.

சென்ற் லூயிஸ் நகரமும் தப்பவில்லை. பிரயாணிகள் குறைந்தபோது சிக்காகோவில் நெருக்கடியும் குறைந்தது. நெருக்கடியைத் தணிக்க வாங்கிய மையத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. 2003 நவம்பரில், நாளொன்றுக்கு 400க்கு மேற்பட்ட பறப்புக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டன. விமானிகளுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட பதவிகளும் அவற்றோடு சுருங்கின. நல்ல காலத்தில் திட்டமிடப்பட்ட புதிய ஓடுபாதையோ, 100 கோடி டொலருக்கு மேற் செலவாகி, ஏறத்தாழ 2,000 வீடுகளை அகற்றி, 2006இல் திறக்கப்பட்டது. அப்பொழுது அதனை நிரப்ப விமானங்கள் இருக்கவில்லை.

இவ்வநுபவம் சட்டத்தை மாற்றியது. 1972இல் அலெகெனி, மோஹாக் என்னும் கம்பனிகள் இணைந்தபோது, சேவை மூப்பு நியாயமும் ஒப்புரவும் உடையதாக இணைக்கப்படவேண்டும், உடன்பாடு இல்லையேல் நடுவர் தீர்ப்பளிக்கவேண்டும் என அரசாங்க சபை நிபந்தனை விதித்திருந்தது. கட்டுப்பாடு நீங்கி, அச்சபையும் கலைக்கப்பட்டபின் அந்நிபந்தனை வழக்கொழிந்தது. சென்ற் லூயிஸ் அமைந்துள்ள மிசூரி மாநிலத்தின் செனற்றர்களான கிளயர் மக்காஸ்கில், கிற் பொன்ட் ஆகிய இருவரும், வேறுவேறு கட்சியினராயினும், ஒன்றுபட்டு உழைத்து 2007இல் அதனை நாட்டின் சட்டமாக்கினர். டி. டபிள்யூ. ஏ. விமானிகள், தம்மைச் சரியாகப் பிரதிநிதித்துவம் செய்யவில்லையெனத் தம் சொந்தச் சங்கத்தின்மீது தொடுத்த வழக்கில் 2011இல் யூரர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். 2014இல் அவ்வழக்கு 5 கோடியே 30 இலட்சம் டொலருடன் தீர்ந்தது. ஆயினும் பட்டியலில் அவர்கள் இழந்த இடம் அதனால் மீளவில்லை.

நடுவர் தீர்ப்பு மாத்திரம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று எண்ணுவதும் பொருந்தாது. யூ. எஸ். எயர்வேஸ் 2005இல் அமெரிக்கா வெஸ்ற் என்னும் கம்பனியுடன் இணைந்தது. 2007இல் நடுவர் அளித்த பட்டியலை ஒரு பகுதி விமானிகள் ஏற்க மறுத்து வேறு சங்கம் அமைத்தனர். இரு பகுதியினரும் ஆண்டுக்கணக்காக வேறுவேறாகவே பறந்தனர். அமெரிக்கன் கம்பனியோ 2011இல் தானும் வங்குரோத்து நீதிமன்றத்தை அடைந்து, 2013இல் அதே யூ. எஸ். எயர்வேஸுடன் இணைந்தது. இம்முறை புதிய சட்டம் நடைமுறையில் இருந்தது. விமானிகளின் பட்டியல் நடுவர் மூலமாக 2016இல் முடிவாயிற்று. காலம் சென்றதேனும், ஒரு பக்கத்தார் மாத்திரம் எழுதிய பட்டியலாக அஃது அமையவில்லை.

விமானக் கம்பனிகள் இனியும் நொடியும், இனியும் வாங்கப்படும். அத்தகைய செய்தி வரும்போது, எத்தனை விமானங்கள், எத்தனை வழிகள், எவ்வளவு பணம் என்பனவே முதலிற் பேசப்படும். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் நாம் கேட்கவேண்டும்: வாங்கப்பட்ட கம்பனியின் ஊழியர் புதிய வரிசையில் எங்கே நிறுத்தப்படுவர்? அதற்கு விடை காண்பதற்குரிய காலம் விற்பனைப் பத்திரத்திற் கையெழுத்திடுவதற்கு முன்னர்தான். அதன் பின்னர், நொடிந்த கம்பனியின் ஊழியரிடம் பேரம் பேசுவதற்கு யாதும் எஞ்சியிருப்பதில்லை.