போதகரைத் தேடும் சபை



நம் சேகரத்தில் ஆயர் மாற்றம் என்றால் என்ன நடக்கும் என்று நாம் அறிவோம். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர்களைச் சேகரங்களுக்கு நியமிப்பவர் பேராயர். உத்தரவு வருகிறது, ஒரு ஞாயிறு பிரிவு உபசாரம், அடுத்த சில நாட்களில் வரவேற்பு. வருகிறவர் யார் என்று சபையார் விசாரிக்கத் தொடங்கும்போதே காரியம் முடிந்திருக்கும்.

ஸ்காட்லாந்து திருச்சபையில் முறை வேறு. அங்கே ஒரு போதகர் ஓய்வு பெற்றாலோ வேறு ஊருக்குப் போனாலோ, அடுத்தவரைத் தேடுகிற பொறுப்பு அந்தச் சபையின் மேலேயே விழுகிறது. சபையாரே தேடி, கேட்டு, வாக்களித்து, கையெழுத்திட்டு அவரை அழைக்கிறார்கள். இதைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியையும் ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியையும் நமக்குத் தந்தவர்கள், இந்த உரிமைக்காகத் தங்கள் ஆலயங்களையே விட்டு வெளியேறிய மக்கள்.

தேடல் நடக்கும் விதம்

போதகர் விலகியதும், அந்த வட்டாரத்துச் சபைகளின் போதகரும் மூப்பரும் கூடும் சங்கம் முதலில் ஒரு இடைக்காலப் பொறுப்பாளரை நியமிக்கிறது. இந்தச் சங்கத்தை அங்கே பிரஸ்பிட்டரி என்பார்கள். பொறுப்பாளர் சபையை வழிநடத்துவார், கூட்டங்கள் ஒழுங்காக நடக்கப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தக் காலியிடத்துக்குத் தாமே வர அவர் முயலக்கூடாது. வழிகாட்டுகிறவருக்குச் சொந்த ஆதாயம் இருக்கக்கூடாது என்பது விதி.

அடுத்து, புதிய போதகரை அழைக்கப் பிரஸ்பிட்டரியின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தபின் சபையார் தங்களுக்குள்ளிருந்து ஒரு தேர்வுக் குழுவைத் தெரிந்துகொள்கிறார்கள். 2003-ஆம் ஆண்டின் காலியிடச் சட்டத்தின்படி இக்குழுவில் 13 பேர் வரை இருக்கலாம். மூப்பர்கள் மாத்திரமல்ல, சாதாரண அங்கத்தினரும், வாலிபரும், பெண்களும் இதில் இடம்பெறுகிறார்கள்.

சபையைப் பற்றிய ஒரு விவரப் புத்தகமும் தயாராகிறது. ஊர் எப்படிப்பட்டது, அங்கத்தினர் எத்தனை பேர், வரவு செலவு என்ன, போதகர் இல்லம் எந்த நிலையில் இருக்கிறது, சபை எதை எதிர்பார்க்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை எழுதி முடிப்பது எளிதல்ல. தன் குறைகளை மறைத்து எழுதினால், வருகிறவர் முதல் மாதத்திலேயே உண்மையைக் கண்டுகொள்வார். ஆகவே போதகரைத் தேடப் புறப்பட்ட சபை, முதலாவது தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டியதாகிறது.

விண்ணப்பங்கள் வந்தபின் குழுவினர் போதகர்களை நேரில் சந்திக்கிறார்கள், அவர்கள் பிரசங்கத்தையும் கேட்கிறார்கள். வேறொரு ஊர் ஆலயத்தின் பின் இருக்கையில் அறிமுகமில்லாத மூன்று நான்கு பேர் வந்து அமர்ந்தால், "இவர்கள் போதகரைத் தேடி வந்தவர்கள்" என்று அந்தச் சபையார் புரிந்துகொள்வது அங்கே வெகுகாலப் பழக்கம். விண்ணப்பித்தவர் பெயர்களைக் குழுவினர் வெளியே சொல்லக்கூடாது. வீட்டிலும் சொல்லக்கூடாது. விண்ணப்பித்தவரின் தற்போதைய சபைக்குச் செய்தி தெரிந்தால், அங்கே அவருடைய ஊழியம் பாதிக்கப்படும் அல்லவா?

கடைசியில் குழு ஒரே ஒருவர் பெயரைச் சபைக்கு முன் வைக்கிறது. இரண்டு மூன்று பேரை நிறுத்திப் போட்டி நடத்துவதில்லை. அந்த ஒருவர் வந்து ஆராதனை நடத்திப் பிரசங்கிக்கிறார். பின்பு இரகசிய வாக்கெடுப்பு. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டே பதில்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றால் அந்த அழைப்பு அத்தோடு நிற்கும். தேடல் மறுபடியும் தொடங்கும்.

கையெழுத்தின் பொருள்

வாக்கெடுப்போடு வேலை முடிவதில்லை. "அழைப்பு" என்ற பெயரில் ஒரு பத்திரம் சபையார் முன் வைக்கப்படுகிறது. அங்கத்தினர் ஒவ்வொருவராக வந்து அதில் கையெழுத்திடுகிறார்கள். எங்களிடம் வாரும் என்பது அதன் முதல் பாதி. உமக்குரிய கனத்தைக் கொடுப்போம், ஊக்கப்படுத்துவோம், நற்செய்தி ஊழியத்துக்கு எங்களால் இயன்றதைக் கொடுத்துத் தாங்குவோம் என்ற கருத்து அதன் மறு பாதி. வாக்குச்சீட்டில் பெயர் இல்லை. அழைப்பில் பெயர் உண்டு. வாக்குச்சீட்டு விருப்பத்தைச் சொல்கிறது. அழைப்புப் பத்திரமோ கையெழுத்திட்டவரையே கட்டுப்படுத்துகிறது.

பிறகு பிரஸ்பிட்டரி அந்த அழைப்பை ஏற்று, ஒரு நாளைக் குறித்துப் போதகரைப் பொறுப்பில் அமர்த்துகிறது. அந்த ஆராதனையில் போதகரிடம் கேள்விகள் கேட்கப்படுவது போலவே, சபையாரிடமும் கேட்கப்படுகிறது. இவரைப் போதகராக ஏற்று, இவரோடு சேர்ந்து உழைப்பீர்களா என்ற கேள்விக்குச் சபை பதில் சொல்ல வேண்டும்.

உரிமை வந்த வழி

இந்த உரிமை எளிதாகக் கிடைத்ததல்ல. 1712-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், ஸ்காட்லாந்தின் ஊர்ச் சபைகளுக்குப் போதகரை நியமிக்கும் உரிமையை நிலப்பிரபுக்களுக்கும் அரசருக்கும் திருப்பிக் கொடுத்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால், ஜமீன்தார் பார்த்து வைக்கிறவரே போதகர். அழைப்பில் சபையார் கையெழுத்திடும் பழக்கம் மாத்திரம் பெயரளவுக்கு நீடித்தது.

1834-ல் திருச்சபையின் பொதுப் பேரவை ஒரு தீர்மானம் செய்தது. சபையின் குடும்பத் தலைவர்களில் பெரும்பாலோர் மறுத்தால், பிரபு அனுப்பியவரை ஏற்க வேண்டியதில்லை என்பதே அது. அதே ஆண்டு ஆக்டரார்டர் என்ற ஊரில் அதற்குச் சோதனை வந்தது. கின்னூல் பிரபு ஒருவரை நியமித்தார். சுமார் 3,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் அழைப்பில் கையெழுத்திட்ட சபையார் இரண்டே பேர். குடும்பத் தலைவர் 330 பேரில் 280-க்கும் அதிகமானோர் மறுப்புத் தெரிவித்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1838-ல் எடின்பரோவிலும் 1839-ல் லண்டன் பிரபுக்கள் சபையிலும் பிரபுவின் பக்கமே தீர்ப்பாயிற்று.

மார்நாக் என்ற ஊரில் நடந்தது இன்னும் வேதனையானது. அங்கே அழைப்பில் கையெழுத்திட்டவர் ஒரே ஒருவர். சாராய விடுதி நடத்தியவர். 300 குடும்பத் தலைவர்களில் 261 பேர் மறுத்திருந்தார்கள். ஆயினும் 1841 ஜனவரி 21-ஆம் நாள், நீதிமன்ற உத்தரவின்படி அந்த நியமனம் நிறைவேற்றப்பட்டது. கடும் பனி பெய்திருந்த நாள் அது. சபையார் தங்கள் மறுப்பை வாசித்துத் தெரிவித்துவிட்டு, வேதப்புத்தகங்களை எடுத்துக்கொண்டு, தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தை விட்டு எழுந்து வெளியே நடந்தார்கள். சபை போனபின், ஆலயத்தில் போதகர் பொறுப்பேற்றார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1843 மே 18 அன்று, எடின்பரோவில் பொதுப் பேரவை கூடியபோது அதன் தலைவர் டேவிட் வெல்ஷ் ஒரு மறுப்புரையை வாசித்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். அவருக்குப் பின்னால் தாமஸ் சால்மர்ஸ் முதலானோர் அணியணியாக நடந்தார்கள். கேனன்மில்ஸ் பகுதியில் டான்ஃபீல்டு மண்டபத்தில் அவர்கள் கூடி, ஸ்காட்லாந்து சுதந்திர திருச்சபையை ஏற்படுத்தினார்கள். நாட்டின் சுமார் 1,200 போதகரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் பிரிந்து வந்தார்கள். அவர்கள் விட்டுவந்தது ஆலயத்தை மட்டுமல்ல. சம்பளமும், குடியிருந்த வீடும் அன்றே போயின.

சில ஊர்களில் ஆலயம் கட்ட நிலப்பிரபுக்கள் இடம் தரவில்லை. சூனார்ட் என்ற கடற்கழியின் கரையில் இருந்த சபையார், கரையில் இடமில்லை என்றதும், 1846-ல் இரும்பினால் மிதக்கும் ஆலயம் ஒன்றைச் செய்வித்து நீரில் நங்கூரம் பாய்ச்சி ஆராதித்தார்கள். நூறு பேர் ஏறினால் அது ஒரு அங்குலம் அமிழும் என்றும், எந்தப் போதகர் வந்த அன்று அதிகம் அமிழ்ந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றும் சொல்வார்கள்.

வாரம் ஒரு பென்னி

உரிமை கேட்டவர்கள் அதன் பாரத்தையும் ஏற்க வேண்டியிருந்தது. இனிப் போதகருக்குச் சம்பளம் தருவது யார்? சால்மர்ஸ் இதை முன்பே யோசித்து வைத்திருந்தார். ஏழையும் வாரத்துக்கு ஒரு பென்னி தரட்டும் என்றார். ஒரு பவுனுக்கு அப்போது 240 பென்னி. வீடு வீடாகச் சேர்க்கப்பட்ட காசு ஊர்ச் சபையிலேயே தங்கவில்லை. எல்லாம் ஒரே பொது நிதிக்குப் போய், அங்கிருந்து போதகர்களுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டது. பட்டணத்துச் சபையின் காணிக்கை, மலைநாட்டுக் கிராமப் போதகரின் அடுப்பை எரிய வைத்தது. பெரிய தொகைக்காகக் காத்திராமல் சிறிய காணிக்கையைத் தவறாமல் சேர்ப்பதே அதன் பலம்.

இதே மக்கள் மிஷன் பணியையும் கைவிடவில்லை. இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள், கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப், பம்பாயில் ஜான் வில்சன், சென்னையில் ஜான் ஆண்டர்சன் உட்பட எல்லாரும் சுதந்திர திருச்சபையோடு நின்றார்கள். 1837-ல் ஆண்டர்சன் பொறுப்பேற்ற பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. அந்தத் திருச்சபை அனுப்பிய டாக்டர் மாட்டில்டா மக்பேல் அம்மையார் 1888-ல் சென்னையில் பெண்களுக்கான வைத்திய ஊழியத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1914-ல் ராயபுரத்தில் கிறிஸ்டினா ரெய்னியின் பெயரால் மருத்துவமனையாக நின்றது. தங்கள் போதகருக்காகப் பென்னி சேர்க்கப் பழகிய கைகள், தாங்கள் ஒருநாளும் காணாத நோயாளிக்காகவும் கொடுத்தன.

நிலப்பிரபுக்களின் நியமன உரிமை 1874-ல் நீக்கப்பட்டது. பிரிந்துபோனவர்களில் பெரும்பகுதியினர் 1929-ல் ஸ்காட்லாந்து திருச்சபையோடு மீண்டும் ஒன்றானார்கள். இன்று அங்குள்ள சபை தன் போதகரைத் தானே அழைக்கும் முறை இவ்வாறு உறுதிப்பட்டது.

இன்றைய நிலை

இன்றோ பாரம் வேறு விதமாக வந்திருக்கிறது. சபைக்கு அழைக்கும் உரிமை உண்டு. அழைக்கப்பட ஆள் இல்லை. 1950-களில் ஸ்காட்லாந்து திருச்சபைக்கு 13 லட்சம் அங்கத்தினர் இருந்தார்கள். 2023-ன் முடிவில் அது 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஓய்வு பெறும் போதகருக்கு ஈடாகப் புதியவர்கள் வருவதில்லை. ஆகவே 2021-ல் பொதுப் பேரவை, ஒவ்வொரு பிரஸ்பிட்டரியும் தன் பகுதியில் எத்தனை போதகர் இருக்கலாம், எந்த ஆலயங்களை வைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிட வேண்டுமென்று சட்டம் செய்தது. சில சபைகளுக்குத் தனிப் போதகரை அழைக்க அனுமதியே கிடைப்பதில்லை. பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒருவரை அழைக்க வேண்டும், அல்லது இரு சபைகளும் ஒன்றாக வேண்டும். தங்கள் தாத்தா பாட்டி அடக்கம் செய்யப்பட்ட ஆலயத்தைப் பூட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போவது சபையாருக்கு எளிதான காரியமல்ல.

காத்திருக்கும் மாதங்களில் ஆராதனை நின்றுவிடுவதில்லை. மூப்பர்கள் ஜெபத்தை நடத்துகிறார்கள். பயிற்சி பெற்ற சபையார் பிரசங்கிக்கிறார்கள். ஓய்வு பெற்ற போதகர்கள் உதவிக்கு வருகிறார்கள். வியாதியஸ்தரைச் சந்திப்பதையும் துக்க வீட்டுக்குப் போவதையும் சபையாரே பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் போதகரே செய்யட்டும் என்றிருந்த சபை, அவர் இல்லாதபோதுதான் தன் கடமையைக் கற்றுக்கொள்கிறது.

நமக்குள்ள பாடம்

நம் ஆயரை நாம் தெரிந்தெடுப்பதில்லை. அந்த முறையிலும் நன்மை உண்டு; சிறிய ஏழைச் சேகரத்துக்கும் ஒரு ஆயர் கிடைக்கிறார், சபைக்குள் ஆள் பிடிக்கும் போட்டியும் குறைகிறது. ஆனால் அழைப்பின் மறு பாதி நமக்கும் உரியது. ஆயர் எந்த வழியாக வந்தாலும், அவரைத் தாங்குவோம் என்ற வாக்கைச் சபைதான் கொடுக்க வேண்டும். மருத்துவ ஊழியத்துக்கும் இது பொருந்தும். ஒரு டாக்டரையோ நர்ஸையோ கிராமத்துக்குப் போகச் சொல்லி வாழ்த்தி அனுப்புகிறோம். அனுப்பியவர்கள் நாம் என்பதை அடுத்த மாதமும் நினைவில் வைத்திருக்கிறோமா?

ஜெபக் குறிப்புகள்

1. போதகர் இல்லாமல் காத்திருக்கும் சபைகளுக்காகவும், அவற்றை நடத்திவரும் மூப்பர்களுக்காகவும் ஜெபியுங்கள்.

2. ஊழிய அழைப்பைக் கேட்டும் தயங்கி நிற்கும் வாலிபருக்காக ஜெபியுங்கள்.

3. இந்த ஆண்டு இடமாற்றம் பெறும் ஆயர்களின் குடும்பங்களுக்காக, விசேஷமாகப் பள்ளி மாறும் அவர்கள் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள்.

4. சிறிய காணிக்கைகளைத் தவறாமல் அனுப்பிவரும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள்.

தேவனுடைய சமாதானம் உங்கள் யாவரோடும் இருப்பதாக.